அரசு விதியை எதிர்த்து எங்கே போவது: ரிட்டா, பசுமைத் தீர்ப்பாயமா, அப்பீலா?

காசிமேட்டிலோ திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ, அரசு அறிவிப்பு ஒன்று தொழிலையோ குடியிருப்பையோ தொட்டுவிட்டால், சங்கக் கூட்டத்தில் முதலில் எழும் குரல் பெரும்பாலும் இதுதான்: "அண்ணே, ஐகோர்ட்டுல ஒரு ரிட் போட்டுடலாம்." ரிட் என்றால் அரசின் செயலை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் நேராகப் போடும் மனு. விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் ஐகோர்ட் ஸ்டேஷன் வரை ஒரே வண்டி. பக்கத்தில் இருக்கிறது, பெயர் தெரிந்த இடம், பெரிய கோர்ட். அதனால் மற்ற வழிகளைப் பற்றிப் பேச்சே வருவதில்லை. சில வழக்குகளுக்கு ரிட்தான் சரியான வழி. வேறு சிலவற்றில், ரிட் போட்டுக் காத்திருக்கும் நேரத்தில் உண்மையான வழிக்கான கெடு முடிந்துபோகிறது. மனு தள்ளுபடியாகும்போது கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை.

எங்கே போவது என்பதை முடிவு செய்வதற்கு முன் எதை எதிர்க்கிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். எண்ணூர்ச் சாம்பலையே எடுத்துக்கொள்வோம். அனல்மின் நிலையச் சாம்பலை எப்படிக் கையாள வேண்டும் என்று மத்திய அரசு 2021 டிசம்பர் 31-ல் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. "அந்த அறிவிக்கையே போதாது, சட்டத்துக்கு முரணாக இருக்கிறது" என்பது ஒரு வழக்கு. "அறிவிக்கை இருக்கட்டும், இந்த நிலையத்துக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த இசைவாணை (இயங்குவதற்கான அனுமதி) தவறு" என்பது இன்னொன்று. "எல்லாம் காகிதத்தில் சரியாக இருக்கிறது, ஆனால் குழாய் உடைந்து சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் கொட்டுகிறது, யாரும் கேட்பதில்லை" என்பது மூன்றாவது. சாம்பல் ஒன்றுதான். ஆனால் வழக்கு மூன்று விதம், போக வேண்டிய இடமும் மூன்று. மூன்றையும் ஒரே மனுவில் அள்ளிப் போட்டால் மூன்றும் பலவீனமாகும்.

விதியே தவறு என்றால்

இங்கே எனக்குச் சந்தேகமே இல்லை: அரசியல் சட்டம் 226-வது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. நம் ஐகோர்ட்டில் இதற்கென்று ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட உத்தரவை ரத்து செய்து, மேற்கொண்டு இன்னதைச் செய்யும்படி ஆணையிடக் கேட்டால் அது 'செர்ஷியோராரிஃபைட் மாண்டமஸ்'. விதியையோ சட்டப் பிரிவையோ செல்லாது என்று அறிவிக்கக் கேட்டால் 'ரிட் ஆஃப் டிக்லரேஷன்'. மனுவின் கடைசிப் பக்கத்தில் என்ன கேட்கிறோம் என்பதில் இந்தக் கவனம் வேண்டும். விதியை எதிர்த்துப் பக்கம் பக்கமாக வாதம் எழுதிவிட்டு, கோரிக்கையில் உத்தரவை ரத்து செய்யுமாறு மட்டும் கேட்டால், விதி அப்படியே நிற்கும். அடுத்த மாதம் அதே விதியின் கீழ் இன்னொரு உத்தரவு வரும்.

என்ன காரணம் சொல்லி எதிர்க்கலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2006-ல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே வரிசைப்படுத்தியது. மணல் குவாரிகளை அரசே எடுத்துக்கொண்ட 38ஏ விதி பற்றிய வழக்கு அது. விதியைப் போட அதிகாரம் இல்லை, அடிப்படை உரிமையைப் பறிக்கிறது, அரசியல் சட்டத்தின் வேறு பிரிவை மீறுகிறது, தாய்ச் சட்டம் (விதியைப் போட அதிகாரம் தந்த சட்டம்) கொடுத்த எல்லையைத் தாண்டுகிறது, நாட்டில் உள்ள வேறு சட்டத்துக்கு முரணாக இருக்கிறது, வெளிப்படையாகவே தான்தோன்றித்தனமாக இருக்கிறது. இவற்றில் ஒன்றில் நம் வழக்கு பொருந்த வேண்டும். "இந்த விதியால் எங்களுக்கு நஷ்டம்" என்பது தனியாக ஒரு காரணம் ஆகாது. அரசின் கொள்கை முடிவு நல்லதா கெட்டதா என்று நீதிபதிகள் எடைபோட மாட்டார்கள். இதைக் கேட்டால் பாதிக்கப்பட்டவர்களுக்கு வலிக்கும். ஆனால் இதைத் தெரிந்துகொண்டு போனால்தான் நஷ்டக் கணக்கோடு நிற்காமல், விதியின் அதிகார வேரைத் தோண்டுவார்கள்.

காசிமேட்டுக்குப் பழக்கமான சுருக்குமடி வலை (மீன் கூட்டத்தையே சுற்றி வளைத்துப் பிடிக்கும் பெரிய வலை) விவகாரம் இதற்கு நல்ல பாடம். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-ஐச் சேர்ந்தது. சுருக்குமடிக்குத் தடை 2000-ம் ஆண்டு அரசாணையில் வந்தது. தடையை எதிர்த்தவர்கள், "வலை வாங்கக் கடன் வாங்கியிருக்கிறோம்" என்பதோடு நின்றிருந்தால் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்க முடியாது. மாநிலத்தின் அதிகாரம் கரையிலிருந்து 12 கடல் மைல் வரைதான் என்ற கேள்வி அவர்கள் கையில் இருந்தது. அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் 'மீன்வளம்' மாநிலப் பட்டியலின் 21-வது இனம். கடல் எல்லைக்கு வெளியே மீன்பிடிப்பது மத்தியப் பட்டியலின் 57-வது இனம். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவாக, 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் இரு நாள் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை என்ற கட்டுப்பாடுகளோடு அனுமதித்தது. 12 மைலுக்கு உள்ளே தடை தடையாகவே இருந்தது. சுருக்குமடி கடலை வழித்தெடுத்துவிடும் என்று அஞ்சும் சிறு படகுக்காரர்களின் பக்கம்தான் என் மனம். ஆனாலும் வழக்கை எந்தக் காரணத்தின் மேல் கட்ட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வட சென்னைக் கடற்கரையில் இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: விதி உங்களுக்குப் பாதுகாப்பாக இருந்து, வேறு ஒருவர் அதை எதிர்த்து வழக்குப் போட்டால் சும்மா இருக்க வேண்டாம். அந்த வழக்கில் உங்களையும் தரப்பாகச் சேர்க்கும்படி மனு போடலாம்.

ரிட்டின் பலவீனம் இடைக்காலத் தடையில்தான் தெரியும். ஒருவருக்குப் போட்ட உத்தரவுக்கு ஸ்டே கிடைப்பது நடக்கக்கூடியது. மாநிலம் முழுக்கப் பொருந்தும் விதிக்கு ஸ்டே கிடைப்பது மிக அரிது, ஏனென்றால் விதி செல்லும் என்றுதான் கோர்ட் ஆரம்பத்தில் எடுத்துக்கொள்ளும். அதனால் விதியை எதிர்க்கும்போதே, அது உங்கள் மேல் பாய்ந்த நோட்டீஸோ உத்தரவோ இருந்தால் அதையும் அதே மனுவில் சேர்த்து, அந்த உத்தரவுக்கு மட்டும் தடை கேட்பது நடைமுறைக்கு ஒத்துவரும்.

ஏன் பசுமைத் தீர்ப்பாயத்தில் விதியை எதிர்க்க முடியாது

சுற்றுச்சூழல் விஷயம் என்றதும் சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்றே உள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயமும், சேப்பாக்கம் கலச மகாலில் உள்ள அதன் தென்மண்டல அமர்வும் நினைவுக்கு வருகின்றன. நியாயம்தான். ஆனால் அரசு அறிவிக்கையையோ விதியையோ செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. ஒரு காலத்தில் இருப்பதாகத் தீர்ப்பாயமே நினைத்தது. விழிஞ்ஞம் துறைமுக வழக்கில், 2014-ல், கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையைத் தன்னால் ஆராய முடியும் என்று அது சொன்னது. பிறகு தூத்துக்குடி ஸ்டெர்லைட் வழக்கு வந்தது. ஆலையை மூடிய தமிழக அரசின் உத்தரவைத் தீர்ப்பாயம் 2018 டிசம்பரில் ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரி 18-ல் அந்த ரத்தையே ரத்து செய்தது. ஆலை நல்லதா கெட்டதா என்பதற்குள் அது போகவில்லை. தீர்ப்பாயத்துக்கு அந்த அதிகாரமே கிடையாது, உயர் நீதிமன்றத்துக்குப் போங்கள் என்றது. அங்கே 2020 ஆகஸ்டில் நிறுவனம் தோற்றது, 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்திலும் தோற்றது. பெரிய பெரிய வக்கீல்களை வைத்துக்கொள்ள முடிந்த ஒரு நிறுவனத்துக்கே, ஜெயித்த வழக்கு இடம் தவறியதால் கையை விட்டுப் போனது. ஊர்ச் சங்கம் ஒன்று அந்த இழப்பைத் தாங்காது.

எல்லைக் கோடு இன்னொன்றும் உண்டு. தீர்ப்பாயம் 2010-ம் ஆண்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள ஏழு சட்டங்களைப் பற்றி மட்டுமே விசாரிக்கும். நீர், காற்று, சுற்றுச்சூழல் பாதுகாப்பு, வனப் பாதுகாப்பு, பல்லுயிர்ப் பெருக்கம் ஆகியவை அதில் அடக்கம். மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டமும் தொழிற்சாலைகள் சட்டமும் அதில் இல்லை. வலை பற்றிய விதியை அங்கே எடுத்துப் போக முடியாது. ஆலைக்குள் தொழிலாளி பாதுகாப்பு பற்றிய விதியையும் முடியாது.

விதி சரி, எனக்குப் போட்ட உத்தரவுதான் தவறு

மக்கள் அதிகம் நஷ்டப்படுவது இந்த இடத்தில்தான். ஏறக்குறைய எல்லாச் சட்டத்திலும் உத்தரவை எதிர்த்து ஒரு அப்பீல் இருக்கும். வாரியத்தின் இசைவாணை என்றால் நீர்ச் சட்டம் 28-வது பிரிவு, காற்றுச் சட்டம் 31-வது பிரிவு. இரண்டிலும் 30 நாள். அந்த மேல்முறையீட்டு ஆணையம் சொன்னதை எதிர்த்துத்தான் பசுமைத் தீர்ப்பாயம். ஒரு திட்டத்துக்குக் கொடுத்த சுற்றுச்சூழல் அனுமதி என்றால் நேராகத் தீர்ப்பாயத்துக்கே போகலாம். அதற்கும் 30 நாள், போதிய காரணம் சொன்னால் இன்னும் 60 நாள். அதற்கு மேல் ஒரு நாள் தாண்டினாலும் தீர்ப்பாயத்தால் மன்னிக்க முடியாது. சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தால் உள்ளூர்ப் பத்திரிகைகளில் விளம்பரம் செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது. அமைச்சக இணையதளத்திலும் அது ஏறிவிடும். "எங்களுக்கு யாரும் சொல்லவில்லை" என்ற வாதம் அதனால் நீண்ட தூரம் ஓடாது. எண்ணூர், மணலி பக்கம் இருப்பவர்கள் யாராவது ஒருவர் அந்தத் தளத்தை மாதம் இருமுறை பார்ப்பது என்று வைத்துக்கொண்டால் ஊருக்கே நல்லது.

"அப்பீலை விட்டுட்டாலும் ரிட் இருக்கே" என்பது ஆபத்தான நம்பிக்கை. காக்கிநாடா வணிகவரி வழக்கில் 2020 மே மாதம் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டிப்பாகச் சொன்னது: சட்டம் கொடுத்த அப்பீல் கெடுவும், மன்னிக்கக்கூடிய கூடுதல் நாளும் முடிந்த பிறகு, அதைச் சுற்றிவர ரிட் மனுவை ஏற்கக் கூடாது. விதிவிலக்கு இல்லாமல் இல்லை. அடிப்படை உரிமை மீறப்பட்டது, நம் பக்கம் கேட்காமலே உத்தரவு போட்டார்கள், உத்தரவு போட்டவருக்கு அதிகாரமே இல்லை, சட்டமே செல்லாது என்கிறோம். இந்த நான்கில் ஒன்று இருந்தால் அப்பீல் இருந்தாலும் ரிட் போடலாம் என்று 1998-ல் உச்ச நீதிமன்றம் வகுத்துவைத்தது. நோட்டீஸே தராமல் கடையை இடித்தார்கள் என்றால் நான் ரிட்டைத்தான் சொல்வேன். நோட்டீஸ் கொடுத்து, பதில் வாங்கி, பதிலைச் சரியாகப் படிக்காமல் உத்தரவு போட்டார்கள் என்றால் அப்பீல்தான்.

விதி தவறு என்பதே நம் ஒரே வாதம், உத்தரவு அந்த விதியைத்தான் பின்பற்றுகிறது என்றால்? அப்போது அப்பீலுக்குப் போவது வீண். ஒரு சட்டத்தால் உருவான அதிகாரி அந்தச் சட்டம் செல்லுமா என்று கேள்வி கேட்க முடியாது என்பது, மெட்ராஸ் மாநில அரசு ஒரு தரப்பாக இருந்த வரி வழக்கில் 1960-களிலேயே முடிந்துபோன விஷயம். விதி, உத்தரவு இரண்டையும் சேர்த்து ஐகோர்ட்டில்தான் கேட்க வேண்டும்.

விதி இருக்கிறது, நடைமுறையில் இல்லை

வட சென்னையின் பெரும்பாலான துயரம் இந்த வகைதான் என்று நினைக்கிறேன். விதிகளுக்கு இங்கே பஞ்சமில்லை. இந்த வகைக்குப் பசுமைத் தீர்ப்பாயம்தான் என் முதல் தேர்வு. அங்கே நீதித்துறை உறுப்பினரோடு அறிவியல் தெரிந்த நிபுணர் உறுப்பினரும் உட்கார்ந்திருக்கிறார். கூட்டுக் குழுவை அனுப்பி நீரையும் மண்ணையும் எடுத்துச் சோதிக்கச் சொல்ல முடியும். ஐகோர்ட்டில் இரு தரப்பும் ஆளுக்கொரு ஆய்வறிக்கை வைத்தால், "இது உண்மை பற்றிய தகராறு" என்று ரிட் பலவீனமாகிவிடும். தீர்ப்பாயத்தில் அதுவே விசாரணையின் மையம். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். இழப்பீடு கேட்டால் அந்தத் தொகையில் ஒரு சதவீதம், வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கட்டணம் இல்லை. 2023 டிசம்பரில், புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோதும், 26-ம் தேதி இரவு பெரியகுப்பம் கரையோரம் அம்மோனியா கசிந்தபோதும், தென்மண்டல அமர்வு யாரும் மனு போடாமல் தானாகவே வழக்கு எடுத்தது. அப்படி எடுக்க அதற்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் உறுதி செய்திருந்தது.

கெடு மட்டும் கடுமை. வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதம், காரணம் காட்டினால் மேலும் 60 நாள். 'முதலில்' என்ற சொல்தான் இங்கே வினை. பத்து வருடமாகச் சாம்பல் கொட்டுகிறது என்று மனுவில் பெருமூச்சோடு எழுதினால், எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொண்டு கெடு தாண்டிவிட்டது என்று சொல்லும். புதிதாக நடந்த உடைப்பு, புதிய ஆய்வறிக்கை, புதிய அனுமதி எது இருக்கிறதோ அதைத் தேதியோடு முன்னால் வையுங்கள். சேதத்துக்கு இழப்பீடு, சீரமைப்பு கேட்கும் மனு என்றால் 5 வருடம் இருக்கிறது. மீனவர்கள் இதை அதிகம் பயன்படுத்த வேண்டும்.

தீர்ப்பாயம் இருப்பதால் ஐகோர்ட்டின் கதவு மூடிவிடவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் சொல்லிவிட்டது. ஆக இரண்டும் திறந்திருக்கின்றன. சுற்றுச்சூழலோடு வீட்டு மனை, பிழைப்பு, நிலம் கையகப்படுத்தல் எல்லாம் பின்னிக்கிடந்தால் ஐகோர்ட். மாசு மட்டும் என்றால் தீர்ப்பாயம்.

பொதுநல வழக்கா, சொந்தப் பெயரில் ரிட்டா

பொதுநல வழக்கு என்ற பெயருக்கு ஒரு மரியாதை இருக்கிறது, அதனால் எல்லோருக்கும் அதுதான் வேண்டும். நேரடியாகப் பாதிக்கப்பட்டவர் ஒருவர் முன்வரத் தயாராக இருந்தால், அவர் பெயரில் சாதாரண ரிட் போடுவதுதான் மேல் என்பது என் உறுதியான கருத்து. பொதுநல மனுதாரர் தனக்குச் சொந்த ஆதாயம் இல்லை என்று பிரமாணப் பத்திரத்தில் சொல்ல வேண்டும். மீன் விற்கும் அம்மா எப்படி அப்படிச் சொல்ல முடியும்? அவருக்கு ஆதாயம் இருக்கிறது, அது அவர் பிழைப்பு, அதற்காகத்தான் கோர்ட்டுக்கு வருகிறார். பாதிக்கப்பட்டவரின் படகு எண், அடையாள அட்டை, வருமானம் என்று நேரடிச் சான்று இருக்கும்போது "இவர் யார் கேட்க?" என்ற கேள்வியே எழாது. சங்கத்தின் பெயரில் போட்டாலும், பாதிக்கப்பட்ட சிலரைத் தனிப்பட்ட மனுதாரராகச் சேர்த்துக்கொள்வது நல்லது. முன்வர ஆளே இல்லாத இடத்தில், பயத்தால் யாரும் கையெழுத்துப் போடாத இடத்தில், பொதுநல வழக்கு அவசியம்.

சிவில் வழக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அரசுக்கு எதிராக என்றால் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 80-வது பிரிவின்படி இரண்டு மாத நோட்டீஸ், பிறகு சாட்சி, குறுக்கு விசாரணை என்று வருடக்கணக்கு. இந்த இடம் யாருடையது, எல்லை எங்கே என்ற தகராறுக்கு அது சரி. விதியை எதிர்க்க அது வேண்டாம். நேராக உச்ச நீதிமன்றத்துக்கு 32-வது பிரிவில் போவதும் அப்படித்தான். உயர் நீதிமன்றத்துக்கு முதலில் போங்கள் என்று திருப்பி அனுப்புவதே அங்கே வழக்கம், செலவு மட்டும் டெல்லிச் செலவு.

ஒரு விஷயத்தில் மட்டும் கோபமாகவே சொல்கிறேன். விதியை எதிர்க்க வந்தவருக்கு, "நீங்க கொடுத்த மனுவைப் பரிசீலிக்கச் சொல்லி ஒரு மாண்டமஸ் வாங்கிடலாம், ஈஸியா கிடைக்கும்" என்று சொல்லி அனுப்புவது. (மாண்டமஸ் என்றால் இன்னதைச் செய் என்று அதிகாரிக்குக் கோர்ட் இடும் ஆணை.) கிடைக்கும்தான். சில வாரத்தில் பரிசீலிக்கச் சொல்லி உத்தரவும் வரும். அதிகாரி பரிசீலித்து, "விதியில் இடமில்லை" என்று இரண்டு வரியில் நிராகரிப்பார். விதியைப் போட்டது அரசு, அதை மாற்ற அந்த அதிகாரிக்கு அதிகாரம் கிடையாது. பணமும் மாதங்களும் போயிருக்கும், விதி அசைந்திருக்காது. அதிகாரியின் கையில் முடிவு இருக்கும் விஷயத்துக்கு மட்டும் அந்த மாண்டமஸைக் கேளுங்கள்.

வழக்குக்கு முந்திய கட்டம்

வரைவு விதி வெளியானதும் ஆட்சேபம் எழுதுவது பலருக்கும் வீண் வேலையாகத் தெரிகிறது. சுற்றுச்சூழல் அறிவிக்கைகளில் அதற்கு 60 நாள் இருக்கிறது. ஆட்சேபம் எழுத்தில் இருந்தால், பின்னால் ரிட்டில் "கேட்ட கேள்விக்குப் பதிலே இல்லை" என்று காட்ட முடியும். 2020-ல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை 22 மொழிகளில் மொழிபெயர்க்கச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, கருத்துச் சொல்லும் கெடுவையும் நீட்டித்தது. அறிவிக்கை ஆவதற்கு முன்னாலேயே நடைமுறைக் குறையைப் பிடிக்க முடியும் என்பதற்கு அது சான்று.

அடுத்து அந்த விதியின் முழு வாசகம், அரசிதழில் வந்த தேதி, எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் போட்டார்கள் என்பது. அரசாணை என்று சொல்வதெல்லாம் சட்டபூர்வ விதி அல்ல. சில வெறும் நிர்வாக உத்தரவுகள், தாய்ச் சட்டத்துக்கு முரணாக இருந்தால் அவற்றை வீழ்த்துவது எளிது. கோப்பு வேண்டுமென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய், 30 நாள். ஆனால் அந்த 30 நாளுக்காகக் காத்திருந்து அப்பீல் கெடுவை விட்டுவிடாதீர்கள். கையில் உள்ளதை வைத்து மனுவைத் தாக்கல் செய்துவிட்டு, கோப்பு வந்ததும் கூடுதல் ஆவணமாகச் சேர்க்கலாம். ஐகோர்ட்டிலும் தீர்ப்பாயத்திலும் நடவடிக்கை ஆங்கிலத்தில். தமிழ் நோட்டீஸ், தமிழ் அரசாணை எல்லாவற்றுக்கும் மொழிபெயர்ப்பு வேண்டும், அதற்கும் ஒரு வாரத்தைக் கணக்கில் வையுங்கள்.

செலவுக்குப் பயந்து விட்டுவிடுபவர்கள் பலர். 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 12-வது பிரிவின்படி, பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், பேரிடரிலோ தொழிற்சாலை விபத்திலோ பாதிக்கப்பட்டவர்கள் இலவச வக்கீல் உதவிக்குத் தகுதி உள்ளவர்கள், அவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. ஐகோர்ட் வளாகத்திலேயே அதற்கான சட்டப் பணிகள் குழு இருக்கிறது, தொலைபேசி உதவிக்கு 15100. காசிமேட்டில் கூடை தூக்கும் பெண்களும் எண்ணூர் கழிமுகத்தில் கையால் இறால் பிடிக்கும் பெண்களும் ஒரு விதியால் நேரடியாகப் பாதிக்கப்படும்போது, சங்கத் தலைவர் பெயரில் மட்டும் மனு போடாமல் அவர்களையும் மனுதாரராக்கலாம். அவர்கள் பிரமாணப் பத்திரம்தான் அந்த வழக்கின் வலுவான ஆவணமாக இருக்கும், அவர்களுக்கான வக்கீல் செலவையும் அரசே ஏற்கும்.